பழைய மாருதி 800-இல் ஒப்பேத்து வேலைகளைக் களைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் பல வண்டிகள் நாலைந்து கை மாறியவை. ஒவ்வொரு கையிலும் யாரோ ஒருவர் "இப்போதைக்கு ஓடட்டும்" என்று செய்த வேலை வண்டியிலேயே தங்கிப்போயிருக்கும். அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, அல்லது வாங்க நினைத்து, விழிபிதுங்கி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மற்ற பழைய கார்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏன் இன்னும் 800? அந்தக் காசுக்கு வேறு கார் வாங்கலாமே?

வாங்கலாம். ஆனால் வீட்டு வாசலில் வைத்து நாமே கழட்டி மாட்டக்கூடிய கார்கள் குறைவு. 796 சிசி, மூன்று சிலிண்டர், நடுத்தர உடம்புக்காரர் இரண்டு பேர் சேர்ந்தால் கியர்பாக்ஸைத் தூக்கிவிடலாம். இதே குடும்ப எஞ்சினோடு ஆம்னி 2019 வரை வந்ததால் எஞ்சின் ஸ்பேருக்குப் பெரிய பஞ்சம் இல்லை. பாடி சாமான்தான் தேட வேண்டியிருக்கும்.

வாங்கும் முன்பே ஒப்பேத்து வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். பளபளப்புதான் முதல் பொய்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். கூரையில் நன்றாகப் பிடிக்கிற காந்தம் இங்கே வழுக்கினால் உள்ளே பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, கனமாக இருக்கிறது. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். 300-க்கு மேல் காட்டினால் கீழே பட்டி இருக்கிறது என்று சந்தேகப்படலாம். 1000-ஐத் தொட்டால் நீங்கள் இரும்பை அல்ல, பட்டியை விலைக்கு வாங்குகிறீர்கள்.

அடுத்து, கண்ணில் படாத ஓரத்தில், உதாரணமாக டிக்கி ரப்பருக்குக் கீழே, தின்னர் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். கலர் பஞ்சில் ஏறினால் அது மலிவான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், விற்பதற்காக அடித்தது. கம்பெனி பெயிண்ட்டும் நன்றாகக் காய்ந்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்டும் அவ்வளவு சுலபமாக வராது. விற்கிறவரிடம் கேட்டுவிட்டுத் தேயுங்கள்.

பானட்டைத் திறந்ததும் எஞ்சினைப் பார்க்கும் முன் போல்ட் தலைகளைப் பாருங்கள். முனை மழுங்கிய தலை, ஒரே பாகத்தில் வெவ்வேறு அளவு போல்ட், நட்டுக்குக் கீழே அடுக்கிய வாஷர் எல்லாமே யாரோ அவசரமாகக் கை வைத்ததற்கு அடையாளம். ஜாயின்டுகளின் ஓரத்தில் சிலிகான் பேஸ்ட் பிதுங்கி வழிந்திருந்தால், வெளியே வழிந்த அளவு உள்ளேயும் வழிந்திருக்கும். உள்ளே வழிந்தது பிய்ந்து போய் ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும்.

கடைசியாக ஃபியூஸ் பெட்டி. ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இழை கண்ணில் பட்டால் டாஷ்போர்டுக்குப் பின்னால் என்ன காத்திருக்கிறது என்று சொல்லவே வேண்டாம்.

"எல்லா வேலையும் பார்த்தாச்சு சார், அப்படியே எடுத்து ஓட்டலாம்" என்கிறார் விற்பவர். நல்லதுதானே?

"என்னென்ன வேலை, ஏன் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். "ரேடியேட்டர் மாத்தினோம்" என்றால் அதற்கு முன் வண்டி சூடாகியிருக்கிறது. "ஹெட் இறக்கினோம்" என்றால், அதாவது சிலிண்டர்களை மூடும் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழட்டினோம் என்றால், எதனால் இறக்கினார்கள் என்று தெரிய வேண்டும். ஏன் என்பதற்குப் பதில் இல்லாத வேலை முடிந்த வேலை ஆகாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படித் தெரியும்?

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் ஏறிய வண்டிகள் ஏராளம். அவை வெளியூருக்கும் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. முன் சீட் தண்டவாளத்தின் போல்ட், டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பிராக்கெட், கார்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு ஆகியவற்றையும் பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

வாங்கியாயிற்று. எங்கே ஆரம்பிப்பது?

பெரும்பாலோர் பெயிண்டில் ஆரம்பிக்கிறார்கள், ஆறு மாதத்தில் அதே பெயிண்ட்டைக் கீறி வெல்டிங் வைக்கிறார்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: நிற்பது, தீப்பிடிக்காமல் இருப்பது, சூடாகாமல் ஓடுவது, நனையாமல் இருப்பது, அப்புறம் அழகு. அதாவது பிரேக், ஸ்டியரிங், டயர், பெட்ரோல் குழாயும் வயரிங்கும், கூலிங், எஞ்சின், பாடியில் தண்ணீர் புகும் இடங்கள், துரு, கடைசியில்தான் பெயிண்ட்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஒவ்வொரு ஒப்பேத்து வேலையும் ஒரு மூல வியாதிக்குப் போட்ட மூடி. ரேடியேட்டர் ஃபேனை நேரடியாக இணைத்திருந்தால், ஃபேன் ஒரு காலத்தில் ஓடாமல் போயிருக்கிறது அல்லது வண்டி சூடாகியிருக்கிறது. அந்த வயரைப் பிடுங்கிப் பழையபடி இணைத்துவிட்டால் நீங்கள் வேலையைச் சரிசெய்யவில்லை. பழைய வியாதியை மறுபடி திறந்துவிட்டிருக்கிறீர்கள். எனவே எதையும் பிடுங்கும் முன் "இவர் எதைத் தவிர்க்க இதைச் செய்தார்?" என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள், செல்போனில் படம் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எது காரணம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிரேக்கில் என்ன ஒப்பேத்தியிருப்பார்கள்?

மனசாட்சியே இல்லாத வேலைகள் இங்கேதான் கிடைக்கும். பின் சக்கரத்து வீல் சிலிண்டர் கசிகிறது, ஸ்பேர் அன்று கிடைக்கவில்லை, அந்தச் சக்கரத்துக்குப் போகும் பைப்பையே நசுக்கி மடக்கி அடைத்துவிடுவார்கள். வண்டி நிற்கும், ஆனால் மூன்று சக்கரத்தில். மழை ரோட்டில் அவசரமாக மிதித்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நாலு டிரம்மையும், டிஸ்க் மாடலாக இருந்தால் டிஸ்க்கையும் திறந்து, ஒவ்வொரு ப்ளீடரிலும் (காற்றை வெளியேற்றும் திருகு) திரவம் வருகிறதா என்று பார்க்காமல் இந்த வண்டியைத் தெருமுனைக்குக்கூட ஓட்டாதீர்கள்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. பிரேக் ஆயில் குறைந்தபோது கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியிருப்பார்கள். மினரல் ஆயில் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிப்போகும். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வழக்கத்தைவிடப் பெரிதாகி, திரும்ப உட்கார மறுத்தால் சந்தேகப்படுங்கள். டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். டாட் 3 பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலமாக மிதந்தால் கலப்படம். அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை: மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் என்று ரப்பர் உள்ள எல்லாமே மாற வேண்டும், பைப்புகளைக் கழுவ வேண்டும். இந்தச் செலவில் பேரம் பேசாதீர்கள்.

வண்டி நின்ற நிலையில் பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே விடுகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிந்திருக்கிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை" என்கிறார் மெக்கானிக். உண்மையா?

இல்லை. ஊரெங்கும் இருக்கும் நம்பிக்கை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சின் வேலை செய்ய ஒரு சூடு வேண்டும். தெர்மோஸ்டாட் அந்தச் சூடு வரும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் விடும். இரண்டிலும் மைலேஜ் போகும், ரிங் தேயும். வெளியே 40 டிகிரி வெயில் அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சினுக்கு வேண்டியது அதைப்போல் இரண்டு மடங்கு.

சரி, ஏன் கழட்டினார்கள்? வண்டி சூடாகியிருக்கிறது. ஏன் சூடானது? பெரும்பாலும் போர் தண்ணீர். வருஷக்கணக்கில் கூலன்ட் இல்லாமல் உப்புத் தண்ணீர் ஊற்றியதில் ரேடியேட்டர் குழாய்களில் காரை படிந்து அடைத்திருக்கும். ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. அரிப்புத் தடுப்பான் இல்லாத தண்ணீரில் ஒன்று அரிக்கும், இன்னொன்று துருப்பிடிக்கும். ஆகவே புது தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடர்ந்து குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். குமிழி இல்லை என்றால் ரேடியேட்டரைக் கழட்டிக் கடையில் கொடுத்து அடைப்பு எடுக்கச் சொல்லுங்கள், அல்லது புதிது போடுங்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மூடியை மாற்றுங்கள், அற்ப விலை. வாட்டர் பம்ப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். புது தெர்மோஸ்டாட்டையும் நம்பாதீர்கள்: நூலில் கட்டி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். பிறகு கூலன்ட், அதைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர். நம் ஊரில் உறைபனி இல்லைதான், ஆனால் கூலன்ட் இங்கே துருவுக்கும் கொதிப்புக்கும் எதிராக வேலை செய்கிறது.

ஃபேன் நேரடி இணைப்பை எடுப்பது இதற்கெல்லாம் பிறகு. கார்புரேட்டர் வண்டியில் ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒரு வெப்ப சுவிட்ச் உண்டு, பெரும்பாலும் அதுதான் செத்திருக்கும். எம்பிஎஃப்ஐயில் கம்ப்யூட்டர்தான் ரிலே வழியாக ஃபேனைப் போடுகிறது. அங்கே சென்சார், ரிலே, வயர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஹெட்டை ஏற்கெனவே இறக்கியிருக்கிறார்கள். மறுபடி இறக்க வேண்டுமா?

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். மூன்று சிலிண்டருக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைவாக இருப்பதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தால் கேஸ்கெட் அவற்றுக்கு நடுவில் போயிருக்கிறது.

இறக்கினால் ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். சூடாகி நின்ற வண்டிக்குக் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி, முகம் பார்க்காமல் மாட்டியதால்தான் அது மறுபடி போயிருக்கும். போல்ட்டுகளை டார்க் ரென்ச் வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக முறுக்க வேண்டும். "கை பழக்கம் சார்" என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

ஸ்பார்க் பிளக் முறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எம்-சீல் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

அலுமினிய ஹெட்டில் கோணலாக வைத்து முறுக்கியதால் மரை போயிருக்கிறது. ஓடும்போது "சிக் சிக்" என்று காற்று விடும், பிளக்கைச் சுற்றிக் கரி படியும். நல்ல லேத் பட்டறையில் 14 மி.மீ. மரைக்கு இன்சர்ட் போடுவார்கள், ஒழுங்காகப் போட்டால் பழையதைவிட உறுதி. தூள் சிலிண்டருக்குள் விழாமல் இருக்க ஹெட்டை இறக்கிச் செய்வது மேல்.

மரை பற்றி இன்னொரு விஷயம். ஜப்பான் வழி வந்த வண்டியாதலால் இதில் 10 மி.மீ. போல்ட்டுகளின் மரை இடைவெளி 1.25. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "டைட்டா இருக்கு" என்று ஸ்பேனரில் பைப்பை மாட்டி முறுக்கியவர்தான் உங்கள் வண்டியின் பாதி மரைகளைக் கொன்றவர். புது போல்ட் கையாலேயே முழுக்க ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது அந்த இடத்து போல்ட் இல்லை.

கார்புரேட்டரில் "மைலேஜ் செட்டிங்" செய்திருக்கிறதாம். இழுவையே இல்லை.

பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையைச் சின்னதாக்கியிருப்பார்கள், அல்லது ஊசி விட்டுப் பெரிதாக்கியவரை அடுத்தவர் ஈடுகட்ட முயன்றிருப்பார். காற்றுக் குழாய்கள் சிலவற்றில் ஸ்க்ரூவை சொருகி அடைத்திருப்பார்கள். கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் வால்வ் இடைவெளி, இக்னிஷன் டைமிங், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாய் ஆகியவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டைச் சுற்றிக் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் தெளியுங்கள். சூடான சைலன்சர் பக்கம் தெளிக்காதீர்கள். வேகம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. இதெல்லாம் முடிந்தும் சரியாகவில்லை என்றால் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டாமல், நல்ல நிலையில் இருக்கும் இன்னொன்றைத் தேடுவது சிக்கனம்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் எஞ்சின் கோளாறைச் சொல்லும் செக் லைட்டே வருவதில்லை. நல்ல அறிகுறியா?

சாவியை ஆன் செய்ததும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு: செக் லைட் வயரை ஆயில் லைட்டோடு சேர்த்துவிடுவார்கள், இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். ஆயில் பிரஷர் சுவிட்ச்சின் வயரைக் கழட்டிவிட்டுச் சாவியைப் போடுங்கள். ஆயில் லைட்டோடு செக் லைட்டும் எரியாமல் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வயரிங் முழுக்கக் குழப்பம். மொத்தமாகப் பிடுங்கிப் புதிதாகப் போடலாமா?

பெரும்பாலும் தேவைப்படாது. கம்பெனி வயரிங் முப்பது வருஷம் கழித்தும் நன்றாகவே இருக்கும். கெட்டது அதன்மேல் ஏற்றியவை. ஸ்டீரியோ, அலாரம், சென்ட்ரல் லாக், ஃபாக் லைட், ரிவர்ஸ் ஹாரன் என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வயரைக் கடித்து, இன்சுலேஷன் டேப் சுற்றி எடுத்த இணைப்பு. வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, டேப் தளர்ந்து, செம்பு வெளியே தெரியும். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொள்வது அந்தப் பசைதான்.

பேட்டரியைக் கழட்டிவிட்டு, கூடுதலாகப் போட்ட எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். வெட்டிய இடங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அல்லது கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். பிறகு ஃபியூஸ் ஒவ்வொன்றையும் பெட்டி மூடியில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு மாற்றுங்கள். போன இடத்தில் மறுபடி போனால், பெரிய ஃபியூஸ் தீர்வல்ல, ஷார்ட்டைத் தேடுங்கள்.

ஹெட்லைட்டில் கம்பெனி பல்பு 60/55 வாட்ஸ். சந்தையில் வாங்கி மாட்டிய 100/90 வாட்ஸ் பல்பு இரண்டும் சேர்ந்தால் 16, 17 ஆம்பியர், அது மொத்தமும் ஸ்டியரிங் கீழே இருக்கும் சுவிட்ச் வழியாகப் போகிறது. சுவிட்ச் உருகியிருந்தால் காரணம் இதுதான். 60/55-க்குத் திரும்பி, ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி வயர் கொடுங்கள். அதே பல்பு பிரகாசமாக எரிவதைப் பார்ப்பீர்கள்.

எர்த் தான் எல்லோரும் மறப்பது. எஞ்சினை ஒருமுறை இறக்கி ஏற்றியவர் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையை மாட்ட மறந்திருப்பார். அப்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி உறை உருகி, ஒருநாள் ஆக்சிலரேட்டர் அப்படியே சிக்கிக்கொள்ளும். "கேபிள் அடிக்கடி போகுது" என்று மூன்று கேபிள் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி டவுன்.

எல்லாம் அணைத்த பின் நெகட்டிவ் கேபிளுக்கு நடுவே ஆம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமிருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் குறைகிறதோ அந்தப் பாதையில்தான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்றும் தனியாகப் பாருங்கள்.

தரையில் துரு. தகடு வைத்து ரிவெட் அடித்து தார் பூசியிருக்கிறார்கள். அப்படியே விடலாமா?

விடக் கூடாது. துருவின் மேல் தகடு வைத்து மூடினால் இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் வேகமாகத் தின்னும். மேலே தார் போன்ற அண்டர்கோட் பூசினால் இன்னும் மோசம். பூசி மெழுகுவது என்பது இந்த விஷயத்தில் சொல்லுக்குச் சொல் உண்மை.

ஆனால் வெட்டுவதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வந்தது? 800-இல் தரை துருப்பிடிப்பது பெரும்பாலும் மேலிருந்து. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலையும் தூசியும் சேர்ந்து வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்பக்கம் வழியும். முன் கண்ணாடியின் ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய வைத்த ஓட்டைகளைப் பழைய பெயிண்டர் பட்டியால் அடைத்திருப்பார். கார்பெட்டை எடுத்துவிட்டு ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அடிக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே புகுந்தது என்று தெரியாது.

மூலம் அடைபட்ட பிறகு வெட்டுங்கள். வெள்ளை இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும், ஓரத்தில் இரக்கம் காட்டக் கூடாது. 20 கேஜ் சி.ஆர். தகடு, ஏறக்குறைய 0.9 மி.மீ., தரைக்குச் சரியாக இருக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம்: பற்றவைக்கும்போது வரும் துத்தநாகப் புகை காய்ச்சல் கொடுக்கும். கேஸ் வெல்டிங்கில் மெல்லிய தகடு நெளிந்துவிடும், மிக் வெல்டிங் உள்ள பட்டறையைத் தேடுங்கள். ரன்னிங் போர்டை வெட்டுவதாக இருந்தால் ஒரு பக்கம் முடித்த பின்தான் மறுபக்கம். கதவு இடைவெளி மாறாமல் இருக்கக் கதவு வாசலில் குறுக்கே ஒரு பட்டை தற்காலிகமாகப் பற்றவையுங்கள். வேலை முடிந்ததும் ஜிங்க் பிரைமர், ஜாயின்டில் சீலர், உள்குழிகளில் மெழுகு.

தீ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பேட்டரியையும் எம்பிஎஃப்ஐ கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழட்டிவிட வேண்டும். பின்பக்கம் வெல்டிங் என்றால் பெட்ரோல் டேங்க் வண்டியிலேயே இருக்கக் கூடாது. காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே நிறைந்திருப்பது ஆவி.

பெயிண்ட்?

பியூ பெயிண்ட், அதுவும் பழைய பட்டி முழுக்கச் சுரண்டிய பிறகு. டென்ட்டைத் தட்டி எடுத்துவிட்டு மேலே மெல்லிசாகப் பட்டி போடுவது தொழில். டென்ட்டைப் பட்டியால் நிரப்புவது ஒப்பேத்தல். பிரைமர் அடித்த நிலையில் நேரில் போய்ப் பார்ப்பேன் என்று முன்கூட்டியே பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அதனால் பழைய கலரே நிம்மதி.

ஸ்பேர் எங்கே தேடுவது?

புதிதுக்கு சென்னையில் ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. கதவு, பானட், டாஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் பழையது வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சாமான், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் பழையதாக ஒருபோதும் வாங்காதீர்கள். பழைய எஞ்சின் வாங்கினால் அதன் எண்ணுக்கு உரிய காகிதம் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது? நான் சொன்னால் கோபப்படுகிறார்.

தப்பு அவருடையது மட்டும் இல்லை. "இன்னைக்கே வேணும், ஐநூறுக்கு மேல ஆகக் கூடாது" என்று வண்டியை நிறுத்தியவர்கள் நாம். ஒப்பேத்தலுக்குப் பாதிக் காரணம் வாடிக்கையாளர்.

"அண்ணே, அவசரமில்ல. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்ல. கழட்டின சாமானை மட்டும் எடுத்து வைங்க, நான் வந்து பாக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். தெர்மோஸ்டாட் பேச்சு வந்தால் வாதாட வேண்டாம். "தெரியும்ணே, ஆனாலும் நம்ம வண்டிக்குப் போட்டுருங்க, சூடானா என் பொறுப்பு" என்றால் போட்டுவிடுவார். நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண எளிய வழி: "தெரியலை, திறந்துதான் பார்க்கணும்" என்று சொல்பவர்.

எஃப்.சி., ஆர்.சி. விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. பசுமை வரி தனி. எஞ்சின் மாறியிருந்தால் ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு ஆர்.சி.யில் இன்னும் இருந்தால் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் விற்பவரிடமிருந்தே வாங்குங்கள். இல்லாவிட்டால், அவர் பத்து வருஷத்துக்கு முன் கட்டி முடித்த கடனுக்காக நீங்கள் அலைய நேரும்.

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தின் அருகே வெல்டிங், பட்டி, பெயிண்ட் எதுவும் வேண்டாம். அந்த எண் தெளிவாகத் தெரியாவிட்டால் ஆர்டிஓ ஆபீஸில் உங்கள் பேச்சு எடுபடாது.

எப்போது கைவிடுவது?

எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் எதற்காகவும் கைவிட வேண்டாம், எல்லாம் மாற்றக் கூடியவை. முன் சஸ்பென்ஷன் கை பொருந்தும் இடம், பின் ஷாக் அப்சார்பர் மேல் மவுன்ட், இரண்டு பக்க ரன்னிங் போர்டு என மூன்றிலும் துரு ஊடுருவியிருந்தால், அல்லது முன்பக்கம் அடிபட்டு வளைந்ததை இழுத்து நேராக்கிய அடையாளம் இருந்தால், அந்த வண்டியை ஸ்பேருக்காக மட்டும் வாங்குங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் இந்த இடங்களைத் தட்டிப் பார்த்தாலே தெரியும்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருவும் பட்டியும் சொத்தென்று கேட்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் தட்டுங்கள்.